மிதிவண்டியை நம்பி வாழ ஏற்ற ஊர் எது, அதை எப்படி அடையாளம் காண்பது?

பள்ளிக்கும் பணியிடத்துக்கும் கடைக்கும் பெரும்பாலானோர் அச்சமின்றி மிதிவண்டியில் சென்று திரும்பக்கூடிய ஊரே மிதிவண்டிக்கு உகந்த ஊர். பூங்காவுக்குள் அழகான பாதை ஒன்று இருப்பது மட்டும் போதாது.

பலர் மிதிவண்டியைத் தவிர்ப்பதற்குக் காரணம் விரைந்து வரும் வாகனங்களைப் பற்றிய அச்சம். அது நியாயமான அச்சமும்கூட. வேகம் இரு மடங்கானால் வாகனத்தின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் கார், 30 கி.மீ. வேகத்தில் வரும் அதே காரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு ஆற்றலுடன் மோதும். ஆகவே, குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைவாக உள்ளதா, பெரிய சாலைகளில் தடுப்புடன் கூடிய தனிப்பாதை உள்ளதா என்று முதலில் பாருங்கள். அந்தப் பாதைகள் அறுபடாமல் தொடர்வது அதைவிட முக்கியம். வாய்க்கால் ஓரிடத்தில் உடைந்தாலும் கடைமடைக்கு நீர் சேராததைப்போல, ஆபத்தான ஒரே ஒரு சந்திப்பு முழுப் பயணத்தையும் கைவிடச் செய்துவிடும்.

வண்டி நிறுத்துமிடமும் தேவை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ரயில் நிலையத்தில் 12,500 மிதிவண்டிகளை நிறுத்தலாம். என் பார்வையில் மிகச் சிறந்த சோதனை, காலை நெரிசலில் சிறுவர்களும் முதியவர்களும் இயல்பாக ஓட்டுகிறார்களா என்று வீடு பார்க்கும் முன்பே நேரில் சென்று கவனிப்பதுதான்.

இதமான வானிலை உள்ள ஊர்களுக்கே மிதிவண்டிப் பயணம் பொருந்தும் என்பது பரவலான தவறான எண்ணம்: பின்லாந்தின் ஊலு நகரில் பாதைகளில் பனியை முறையாக அகற்றிப் பராமரிப்பதால், கடுங்குளிர்காலத்திலும் மக்கள் மிதிவண்டி ஓட்டுகிறார்கள்.