பழைய கட்டுரையே மேல் என்று தோன்றினால்

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இந்த செமஸ்டர் எழுத்துப் பயிற்சி வகுப்பு ஒன்று எடுத்திருந்தேன். முடியப்போகிறது. 'இந்த வகுப்பில் என் எழுத்து எப்படி வளர்ந்தது' என்று நாங்களே எழுதித் தருவதுதான் கடைசி அசைன்மென்ட். அதற்காக என் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் அடுத்தடுத்து வாசித்தேன். முதல் கட்டுரையில் நிறையப் பிழை, ஆனாலும் ஒரே மூச்சில் ஓடுகிறது. கடைசிக் கட்டுரை சுத்தமாக இருக்கிறது, ஆனால் தயங்கித் தயங்கிப் போகிறது. முன்பு ஒரு மணி நேரத்தில் எழுதியதற்கு இப்போது ஒரு இரவு முழுக்க ஆகிறது. 'வளர்ந்தேன்' என்று எழுதினால் பொய்யாகுமோ என்று இருக்கிறது. 'இல்லை' என்று எழுதினால் மதிப்பெண் போகும். என்னதான் எழுதுவது?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

மதிப்பெண் கவலையை மறைக்காமல் சொன்னது நல்லது. இந்த வகைக் கட்டுரைகள் பெரும்பாலும் அந்தக் கவலையில்தான் கெட்டுப்போகின்றன. வரும்போது எனக்கு ஒன்றும் தெரியாது, வகுப்பு என் கண்ணைத் திறந்தது, இன்று நான் வேறு ஆள் என்று மதம் மாறியவர் சாட்சி சொல்வதுபோல எழுதிவிடுகிறார்கள். திருத்துகிற ஆசிரியர் அதே சாட்சியத்தை வகுப்பு முழுக்க வாசித்திருப்பார். அவருக்கும் அலுப்புதான்.

உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் நீங்கள் தேடிய இடம் சரியில்லை. முடிந்த கட்டுரை ஒன்றையும் முடிந்த இன்னொரு கட்டுரையையும் எடுத்து எது நன்றாக இருக்கிறது என்று பார்த்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் தலைப்பு வேறு, கஷ்டம் வேறு. முதல் கட்டுரைக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, பல முறை பேசிப் பழகிய ஒரு விஷயத்தை எடுத்திருப்பீர்கள் என்பது என் ஊகம். அது ஓடாமல் என்ன செய்யும்? வளர்ச்சி தெரிகிற இடம் ஒரே கட்டுரையின் முதல் வரைவுக்கும் அடுத்த வரைவுக்கும் நடுவில் இருக்கிறது.

அமெரிக்காவில் எழுத்துக் கல்வியை ஆராய்ந்த நான்சி சோமர்ஸ் 1980இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். 20 மாணவர்களையும், எழுதிப் பழகிய 20 பெரியவர்களையும் கட்டுரைகள் எழுத வைத்து, அவற்றைத் திருத்தி எழுதவும் சொல்லி, ஒவ்வொரு வரைவிலும் எதை மாற்றுகிறார்கள் என்று பார்த்தார். மாணவர்கள் பெரும்பாலும் சொற்களை மாற்றினார்கள். ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்பதுதான் அவர்களுடைய பெரிய கவலை. பழகியவர்களோ 'நான் சொல்ல வந்தது என்ன, அது எந்த உருவத்தில் நிற்கும்' என்று தேடினார்கள். வாசிப்பவர் எங்கே குழம்புவார் என்று யோசித்தார்கள். தேவைப்பட்டால் பத்திகளை இடம் மாற்றினார்கள், தூக்கியும் எறிந்தார்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கட்டுரையின் வரைவுகளை எடுங்கள். எதையாவது முழுசாக வெட்டினீர்களா? கடைசிப் பத்தியில் எழுதியதுதான் சொல்ல வந்த விஷயம் என்று புரிந்து, அதை மேலே கொண்டுவந்தீர்களா? (தொடக்கப் பத்தியை வெட்டியிருந்தால் இன்னும் நல்லது. மாணவர் கட்டுரைகளில் முதல் பத்தி பெரும்பாலும் எழுதுகிறவர் தொண்டையைச் செருமுவதுதான்.) செமஸ்டர் தொடக்கத்தில் இதையெல்லாம் செய்யவில்லை, இப்போது செய்கிறீர்கள் என்றால், 'வளர்ந்தேன்' என்று கூச்சமில்லாமல் எழுதலாம். கடைசிக் கட்டுரை சுமாராக வந்திருந்தாலும் எழுதலாம்.

அடுத்து, அந்தத் தயக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும்.

லிண்டா ஃபிளவர் என்ற ஆய்வாளர் 1979இல் ஒரு வித்தியாசத்தைச் சுட்டினார். ஒரு வகை எழுத்து, எழுதுகிறவருக்குத் தோன்றிய வரிசையிலேயே, அவருக்கு மட்டும் புரிகிற குறிப்புகளோடு போகும். இன்னொரு வகை, வாசிப்பவருக்கு எது எப்போது தேவை என்று பார்த்து அடுக்கப்பட்டது. முதல் வகை எழுத எளிது, வேகமும் வரும். இரண்டாம் வகைக்கு மாறுகிறவர் ஒவ்வொரு வரியிலும் நின்று, 'இது அவருக்குத் தெரியுமா, இதை முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ' என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வேகம் குறையத்தான் செய்யும். புதிதாக முயல்கிற நீண்ட வாக்கியங்கள் நடுவில் உடையவும் செய்யும். நியூயார்க்கின் சிட்டி காலேஜில் ஏறத்தாழ 4,000 மாணவர் கட்டுரைகளைப் படித்து ஆராய்ந்த மினா ஷாக்னசி, பிழைகள் வெறும் அலட்சியத்தால் வருபவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977இல் விளக்கினார். ஆகவே பிழையின் எண்ணிக்கையை வைத்து மட்டும் உங்களை எடைபோட வேண்டாம்.

அதற்காக எல்லாத் தயக்கத்தையும் வளர்ச்சிக் கணக்கில் எழுதிவிட முடியாது. 'இதைச் சரியாகச் சொல்லிவிட்டேனா' என்று நிற்பது ஒன்று. 'இதற்குச் சிவப்பு மை விழுமோ' என்று நிற்பது வேறு. இரண்டாவது வெறும் பயம். வகுப்புகள் அதையும் சேர்த்தே கற்றுக்கொடுத்துவிடுகின்றன. உங்கள் இரவில் எது எவ்வளவு என்று உங்களுக்குத்தான் தெரியும். பயம்தான் அதிகம் என்றால், எழுத்துப் பயிற்சி ஆசிரியரான பீட்டர் எல்போ 1973இல் எழுதிய பழைய யோசனை இன்றும் உதவும்: பத்து நிமிடம், நிறுத்தாமல், மேலே போய்த் திருத்தாமல், வாயில் வந்ததை எழுதிக்கொண்டே போவது. திருத்துவதெல்லாம் அப்புறம். எழுதுகிறவரும் திருத்துகிறவரும் ஒரே நேரத்தில் நாற்காலிக்குச் சண்டை போடாமல் இருந்தாலே பாதி இரவு மிச்சம்.

சரி, அசைன்மென்ட்டுக்கு வருவோம். செமஸ்டர் முழுவதையும் சொல்ல முயலாதீர்கள். ஒரே ஒரு பத்தியை எடுத்து, பழைய வடிவையும் புதிய வடிவையும் அப்படியே தாருங்கள். என்ன மாற்றினீர்கள், யார் சொல்லி, எதற்காக என்று எழுதுங்கள். யாரும் சொல்லாமல் நீங்களே கண்டுபிடித்த மாற்றமாக இருந்தால் அதையே எடுங்கள். அதோடு, முதல் கட்டுரையில் இருந்த ஓட்டம் கடைசிக் கட்டுரையில் இல்லை என்பதையும் எழுதுங்கள். எந்த வாக்கியத்தில் அது நின்றுபோகிறது என்று காட்டுங்கள். தன் எழுத்தில் அப்படி ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடிகிற மாணவருக்கு மதிப்பெண் குறைக்கிற ஆசிரியரும் இருக்கலாம்தான். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றிய ஆசிரியர் அந்த ரகமாக இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு நடைமுறைச் சிக்கல் வரும். ஒரே கோப்பின் மேலேயே அழித்து அழித்து எழுதியிருப்பீர்கள், பழைய வரைவு இருக்காது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாற்றில் தேடுங்கள், கிடைக்கும். இல்லையென்றால் ஆசிரியர் குறிப்பு எழுதித் திருப்பித் தந்த பிரதி இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.