ஜனவரியில் விண்ட்சர்ஃபிங் போனால் குளிரை எப்படிச் சமாளிப்பது?

நெதர்லாந்தில் கோடையில் விண்ட்சர்ஃபிங் (பாய் பொருத்திய பலகையில் நின்று காற்றில் ஓட்டுவது) கற்றுக்கொண்டதாகவும், கையில் ஒரு 5/4 வெட்சூட் (நியோப்ரீன் ரப்பர் உடை, மார்பு, முதுகில் 5 மி.மீ., கை, காலில் 4) இருப்பதாகவும், ஜனவரி, பிப்ரவரிக்கு அது போதுமா, கையுறை எது வாங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சூட் ஏறக்குறையப் போதும், அதற்குப் பிறகு வருகிறேன். கையுறையைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும், ஏனென்றால் குளிர்காலத்தில் நீங்கள் எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள் என்பதை முடிவு செய்வது உங்கள் விரல்கள்தான்.

முதல் குளிர்காலத்தில் நான் வாங்கியது ஐந்து விரலுக்கும் தனித்தனி உறை உள்ள 5 மி.மீ. கையுறை. கடையில் போட்டுப் பார்த்தபோது கணகணவென்று இருந்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை பிரௌவர்ஸ்டாமில் இறங்கினேன். 1953 வெள்ளத்துக்குப் பிறகு கட்ட ஆரம்பித்து 1971-இல் கடலை மூடிய அணை அது. ஒரு பக்கம் வட கடல், மறுபக்கம் கிரேவலிங்கன் உப்பு ஏரி, காரைத் தண்ணீர் ஓரம் வரை கொண்டுபோய் நிறுத்தலாம். தண்ணீர் 5 டிகிரி, வெளியே 3 டிகிரி, மணிக்கு 40 கி.மீ. காற்று. அந்தக் காற்றில் தோலுக்கு அது மைனஸ் 3 மாதிரி உறைக்கும்.

பத்து நிமிடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. உடம்பில் குளிரே தெரியவில்லை, சொல்லப்போனால் வியர்த்தது. ஆனால் தடித்த நியோப்ரீன் விரலை நீட்டி வைக்கவே பார்க்கும், நாம் பூமை (பாயில் கைக்குப் பிடியாக இருக்கும் குழாய்) பிடிக்க மடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ரப்பர் பந்தை நிறுத்தாமல் பிழிகிற மாதிரி. அதோடு உறையின் தடிமன் சேர்ந்து பூமும் கைக்கு அடங்காத பருமனாகிவிடுகிறது. முன்னங்கை கல்லாக இறுகி, ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே விரிந்துவிட்டன. பொத்தென்று விழுந்தேன். வாட்டர் ஸ்டார்ட் செய்ய, அதாவது தண்ணீரில் கிடந்தபடியே பாயில் காற்றை வாங்கிப் போர்டில் ஏற, பாய்மரத்தைத் தூக்க வேண்டுமே, பிடிக்கவே முடியவில்லை. நல்ல வேளை, காற்று கரையோரமாக அடித்ததால் போர்டின் மேல் படுத்துக் கையால் துழாவி, அரை கிலோமீட்டர் தள்ளிக் கரையேறினேன்.

கார் சாவியை வண்டியின் பின்னால் தொங்கும் எண் பூட்டுப் பெட்டியில் வைத்திருந்தேன், நான்கு சின்ன சக்கரங்களைச் சுழற்றித் திறப்பது. விரல் அதன் மேல் படுகிறது, ஆனால் பட்டது தெரியவில்லை. பல்லால் கடித்துச் சுழற்றப் பார்த்தேன், உதடுதான் கிழிந்தது. கடைசியில் நாயோடு நடந்து வந்த ஒரு பெரியவரிடம் என் பூட்டு எண்ணைச் சொல்லித் திறந்து தரச் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் திறந்தார், முதுகு ஜிப்பையும் இழுத்துவிட்டுப் போனார். ஹீட்டர் போட்டு உட்கார்ந்த பிறகு விரலுக்கு ரத்தம் திரும்பியது பாருங்கள், கதவிடுக்கில் விரலை வைத்து நசுக்கிய மாதிரி ஒரு வலி. வெட்கமில்லாமல் அழுதேன்.

அதனால் நீங்கள் வாங்க வேண்டியது உள்ளங்கை திறந்த மிட்டன் (நான்கு விரலுக்கும் சேர்த்து ஒரே உறை உள்ள கையுறை). விரலின் வெளிப்பக்கத்தை மூடியிருக்கும், உள்பக்கம் வெட்டிவிட்டது போலத் திறந்திருக்கும், வெறும் தோல் நேராகப் பூமில் படும். பார்த்தால் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், ஆனால் விரலை உண்மையில் குளிர வைப்பது காற்றுதான், உள்ளங்கையோ பூமை ஒட்டி மறைந்துதான் இருக்கிறது. பிடிக்கச் செலவாகும் பலம் பாதியாகக் குறைந்தது போல எனக்கு இருந்தது. பழைய மிட்டன் இருந்தால் கத்தரிக்கோலால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம், நான் இப்போது போடுவது அப்படி வெட்டியதுதான். மெல்லிய பூமாகக் கிடைத்தால் இன்னும் நல்லது. முடிந்த மட்டும் எடையை ஹார்னஸில் (இடுப்பில் கட்டிப் பூமோடு கொக்கி மாட்டும் பட்டை) போடுங்கள்.

கைக்குச் சூடு உடம்பின் நடுவிலிருந்துதான் வர வேண்டும். நடு உடம்பு குளிர ஆரம்பித்ததும் கை, காலுக்குப் போகிற ரத்தத்தை உடம்பு சுருக்கிவிடும். இங்கேதான் உங்கள் 5/4 சூட் வருகிறது. அதன் உள்ளே குல்லாவோடு சேர்ந்த மெல்லிய நியோப்ரீன் பனியன் ஒன்று போட்டால் 6/5 வாங்கும் செலவு மிச்சம். காதையும் மூடிவிடும், குளிர்ந்த தண்ணீர் காதுக்குள் போய்த் தலை சுற்றுவதும் இருக்காது. சூட் உடம்போடு ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெட்சூட் நனையத்தான் செய்யும், உடம்பின் வெப்பத்தைக் காப்பது நியோப்ரீனுக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். தண்ணீர் புகாமல் தடுக்கத் தேவையில்லை என்று 1950-களின் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் பெர்க்லி இயற்பியலாளர் ஹியூ பிராட்னர். ஆனால் இடுப்பில் லொடலொடவென்று இருந்தால் ஒவ்வொரு முறை விழும்போதும் புதிய குளிர் தண்ணீர் உள்ளே புகுந்து ஓடும், அப்போது எத்தனை மி.மீ. இருந்தும் பயனில்லை. மார்புப் பகுதி வழவழப்பான ரப்பராக இருந்தால் நல்லது, துணிப்பரப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக் காற்றில் ஆவியாக்கி உங்களைக் குளிர வைக்கும்.

பாயைக் கோடையில் எடுப்பதைவிடச் சிறியதாக எடுங்கள். 0 டிகிரி காற்று 30 டிகிரி காற்றைவிட ஏறக்குறைய 10 சதவீதம் அடர்த்தி அதிகம், அதே வேகத்தில் இன்னும் கனமாக இழுக்கும். இழுத்தால் பிடிக்க வேண்டியது மறுபடி அதே விரல்கள்தான்.

பாய் கட்டுவதெல்லாம் ஸ்வெட்டர், கம்பளிக் கையுறையோடு முடித்துவிட்டு, கடைசியில்தான் சூட். பிளாஸ்க்கில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுபோய் இறங்குவதற்கு முன் பூட்ஸிலும் மிட்டனிலும் ஊற்றிக்கொள்வேன் (சூட்டுக்குள் வேறு வழியில் சூடேற்றுவதும் உண்டு, அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்). பத்து நிமிடம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்து, வேகப்பந்து வீச்சாளர் போலக் கையை முழு வட்டமாகச் சுழற்றுவேன், ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். வலிக்கும், அதைப் பொறுத்துக்கொண்டு மறுபடி இறங்கினால் பெரும்பாலும் அன்று முழுவதும் கை சூடாகவே இருக்கும். எனக்கு அப்படித்தான்.

கையுறை மாதிரியே முக்கியமான இன்னொன்று, எப்போது நிறுத்துவது என்பது. கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" வேண்டாம். குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்: உறைகிற தண்ணீரில் விழுந்தால் மூச்சு நிதானமாக 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரைதான், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். சூட் போட்டிருந்தால் இது நீளும், ஆனால் முதலில் போவது கைதான். கிழக்குக் காற்று அடித்தால் வட கடல் பக்கம் இறங்கவே வேண்டாம், கரையை விட்டு வெளியே தள்ளும். டிசம்பரில் நாலரைக்கே சூரியன் மறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், சாவிப் பெட்டி வாங்கினால் சக்கரம் சுழற்றும் வகை வேண்டாம், பொத்தான் அழுத்தும் வகையாக வாங்குங்கள். அதை விரல் முட்டியாலேயே அழுத்திவிடலாம்.