தையில் வழிகிறது, சித்திரையில் காய்கிறது

கேள்வி: எங்கள் ஊர் பால் சொசைட்டியில் தை மாதம் கேன் நிரம்பி வழிகிறது, சித்திரை வந்தால் அரைக் கேன்தான். ஆனால் கடையில் பாக்கெட் பால் வருடம் முழுக்க ஒரே மாதிரி கிடைக்கிறதே, தண்ணீர் கலக்கிறார்களா?
– ஈரோடு வாசகர்

பதில்: தண்ணீரும்தான், ஆனால் நீங்கள் சந்தேகப்படுகிற தண்ணீர் இல்லை.

முதலில் மாடு. எருமைக்கு வெயில் ஆகாது, கோடையில் பருவத்துக்கு வந்தாலும் வெளியே தெரியாமல் ஊமைப் பருவமாகப் போய்விடும், அதனால் குளிர் மாதங்களில்தான் அதிகம் சினை பிடிக்கும், பத்து மாதத்துக்குச் சற்று மேல் சுமந்து மழைக்காலத்தை ஒட்டிக் கன்று போடும், ஒன்றரை இரண்டு மாதத்தில் கறவை உச்சிக்கு வரும். வயலில் பச்சையும் அப்போதுதான். சித்திரையில் அதே எருமை வற்றுகிற நிலையில் நிற்கும். பசுந்தீவனமும் இல்லை, இருக்கிற தீனியையும் வெக்கையில் சரியாக எடுக்காது. கலப்பினப் பசு எல்லா மாதமும் கன்று போடுவதால் அதில் இந்த ஏற்ற இறக்கம் கொஞ்சம் குறைவு.

இந்தச் சிக்கலில் மாட்டியவர்கள் குஜராத்தின் கேடா மாவட்ட விவசாயிகள், அதாவது இன்றைய அமுல். அவர்கள் பம்பாய்க்குப் பால் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். குளிர்காலத்தில் எருமைகள் கோடையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கறக்க, மிச்சத்தை எடுத்துக்கொள்ள பம்பாய் தயாராக இல்லை. தையில் பாலைத் திருப்பி அனுப்பினால் மாட்டை விற்றுவிடுவார்கள், சரி, அப்புறம் சித்திரையில் யார் ஊற்றுவது? பசும்பாலைப் போல எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது, கொழுப்பு அதிகம் என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். அமுலை வளர்த்த வர்கீஸ் குரியனோடு இருந்த பால் தொழில்நுட்ப நிபுணர் தலாயா செய்தே காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று கேடா பக்கத்து ஆனந்த் ஊரில் அந்தப் பால் பவுடர் தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார்.

இன்றும் வழி அதுதான். மிஞ்சும் பாலில் கிரீமைப் பிரித்து வெண்ணெய், மீதியை உலர்த்தினால் பவுடர். சுமார் 11 லிட்டருக்கு 1 கிலோ. கோடையில் அந்தப் பவுடரையும் வெண்ணெயையும் தண்ணீர் சேர்த்துத் திரும்பப் பாலாக்குவார்கள். நிலைப்படுத்திய பால் என்றால் 4.5 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் கொழுப்பல்லாத இதர திடச்சத்து இருந்தாக வேண்டும், அதனால் இதைக் கலப்படம் என்று சொல்லமாட்டேன். தையில் பவுடர் விலை சரிந்தது என்று கொள்முதல் விலையைக் குறைத்துவிட்டு, சித்திரையில் அதே வீட்டு வாசலில் கேனோடு வந்து நிற்கும் சில தனியார் டெய்ரிகள்மேல்தான் எனக்குக் கோபம்.

மாடு வைத்திருந்தால் ஒன்று செய்யுங்கள், மழைக்காலத்தில் மிஞ்சும் பச்சை மக்காச்சோளத் தட்டை நறுக்கி, குழியில் காற்றுப் புகாமல் மிதித்து மூடி ஊறுகாய்ப்புல் போட்டுவையுங்கள், கோடைக்கு ஆகும்.