‘என் ஊழியம்’ என்று எழுதும் போதகருக்கு

கேள்வி: நான் சபைப் போதகர். ஆராதனையில் பாடல் நடத்துவது என் மனைவி. பாட்டுகளுக்கு மெட்டுப் போடுவதும் அவள்தான். 9 வருடம் சேர்ந்தே ஊழியம் செய்தோம். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து வெளியூர்க் கூட்டங்களுக்கு வர மறுக்கிறாள், நான் போவதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. சத்துரு அவள் மூலமாக என் ஊழியத்தைத் தடுக்கிறான் என்றே நினைக்கிறேன். அமெரிக்க நற்செய்திப் பாடலாசிரியர் தாமஸ் டார்சி கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டுப் பாடப் போகவில்லையா? அந்தத் தியாகத்தில்தானே உலகமே பாடும் பாட்டு பிறந்தது? (பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைச் சுருக்கிப் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் ‘என் ஊழியம்’ 11 இடத்தில் வருகிறது. ‘எங்கள் ஊழியம்’ ஒரே இடத்தில், அதுவும் காணிக்கை குறைந்துவிட்டது என்று சொல்லும் வரியில்.

டார்சிக்கு வருவோம். 1932 ஆகஸ்டில், நிறைமாதமாக இருந்த மனைவி நெட்டியை சிகாகோவில் விட்டுவிட்டு, செயின்ட் லூயிஸில் நடந்த எழுப்புதல் கூட்டத்துக்குப் போனார். கூட்டத்திலேயே தந்தி வந்தது. பிரசவத்தில் மனைவி இறந்துபோனார், குழந்தையும் பிழைக்கவில்லை. இதைத் தியாகம் என்று கொண்டாடியது அவர் அல்ல. கடவுள் தனக்கு அநியாயம் செய்துவிட்டார் என்று குமுறினார். இனி நற்செய்திப் பாட்டே வேண்டாம், பழைய ஜாஸ் உலகத்துக்கே போய்விடலாம் என்று நினைத்தார். (முன்பு ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்த புளூஸ் இசைக்காரர் அவர்.) அந்த வேதனையில்தான் ‘டேக் மை ஹேண்ட், பிரெஷஸ் லார்ட்’ வந்தது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன் பாடியதும் அதையே. மனைவியையும் பிள்ளையையும் புதைத்தவன் தன் கையைப் பிடித்து நடத்தும்படி கெஞ்சுகிற பாட்டு அது. அதைக் கொண்டுபோய், உயிரோடு இருக்கும் உங்கள் மனைவியின் வாயை அடைக்கப் பார்க்கிறீர்கள்!

வேதத்திலேயே ஆதாரம் வேண்டுமா? 1 நாளாகமம் 25ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தேர்ந்த பாடகர்கள் 288 பேர். அத்தனை பேரும் தினமும் ஒரே நேரத்தில் நின்று பாடவில்லை. சீட்டுப் போட்டு 24 முறைகளாக, முறைக்கு 12 பேராகப் பிரித்தார்கள். தாவீதின் காலத்திலேயே முறைவைத்துப் பாடியிருக்கிறார்கள். உங்கள் சபையிலோ சனிக்கிழமைப் பயிற்சி, ஞாயிறு பள்ளி, ஆராதனை, வீட்டுச் சந்திப்பு எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஆள். அவர் களைத்துப்போனால் பழி சத்துருமேல்.

பேதுரு ஊழியப் பயணங்களில் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனார் என்கிறது 1 கொரிந்தியர் 9:5. ‘அப்படியானால் இவளும் வரத்தானே வேண்டும்’ என்று குதிக்காதீர்கள். பவுல் அங்கே பேசுவது ஊழியரைச் சபை தாங்க வேண்டிய கடமையைப் பற்றி. உங்களை அழைக்கிறவர்கள் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பயணச் செலவு தருகிறார்களா? தங்க அறை? மேடைக்குப் பின்னால் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு, அடுத்த பாட்டுக்கு அவர் ஓடிவந்ததைச் சாட்சி போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைப் படித்தபோது ஆமென் வரவில்லை.

இன்னொன்று, சின்ன விஷயம்தான். நீங்கள் அனுப்பிய ஆல்பம் அட்டையில் ‘பாடல், இசை’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. மெட்டுப் போட்டவர் ‘உடன் பாடியவர்’ ஆகிவிட்டார். அடுத்த முறை அச்சிடும்போது திருத்துங்கள்.

சபையில் பாடத் தெரிந்த நாலு பேரைப் பழக்குங்கள். முதல் இரண்டு மாதம் சுருதி தப்பும், தப்பட்டும். வருகிற இரண்டு கூட்டங்களுக்கும் வர முடியாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்டால் ‘மனைவிக்கு உடம்பு சரியில்லை’ என்று அவர் தலையில் போடாதீர்கள். வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லுங்கள்.