ஓய்வு நெருங்கும்போது பங்குகளை எல்லாம் விற்றுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 55. 60-ல் ஓய்வு. சேமிப்பில் 75 சதவீதம் பங்குச்சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்டில்) இருக்கிறது. ஓய்வு பெறும் நேரத்தில் சந்தை விழுந்துவிடுமோ என்று பயம். இப்போதே முழுவதையும் ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் முழுவதையும் மாற்றாதீர்கள்.

முதலில் பயத்தின் காரணத்தைக் கணக்காகவே பார்ப்போம். கையில் 100 இருக்கிறது. மூன்று ஆண்டுகளில் சந்தை முறையே 30 சதவீதம் இறங்கி, பிறகு 10, 25 சதவீதம் ஏறுகிறது. பணம் எடுக்காவிட்டால் கடைசியில் 96.25 மிஞ்சும். இதே ஆண்டுகள் தலைகீழாக வந்தாலும் அதே 96.25தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் செலவுக்கு 5 எடுத்தால் கதை மாறும்: சரிவு முதலில் வந்தவருக்கு மிஞ்சுவது சுமார் 78.3, கடைசியில் வந்தவருக்கு 84.1. விலை இறங்கிய நேரத்தில் விற்ற ஃபண்ட் யூனிட்டுகள் பிறகு வரும் ஏற்றத்தில் பங்குபெறுவதில்லை. எனவே ஓய்வுக்கு முன்னும் பின்னும் வரும் சில ஆண்டுகள்தான் மிக நுட்பமானவை.

டெபாசிட்டில் வேறு சிக்கல். வட்டி 7 சதவீதம், அதற்கு வரி 20 சதவீதம் என்றால் கையில் நிற்பது 5.6. பணவீக்கம் 6 சதவீதமாக இருந்தால் ஆண்டுதோறும் பணத்தின் மதிப்பு கரைகிறது. அதே 6 சதவீதத்தில் இன்றைய 100 செலவு 30 ஆண்டுகளில் சுமார் 574 ஆகும். 60-ல் ஓய்வு பெறுபவர் 90 வரை கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

எனவே பணத்தை, அது தேவைப்படும் காலத்தை வைத்துப் பிரியுங்கள். ஆண்டுச் செலவிலிருந்து பென்ஷன், வாடகை போன்ற நிச்சய வருமானத்தைக் கழியுங்கள். மீதிதான் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டிய தொகை. அதைப் போல 25 மடங்கு சேர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2 ஆண்டுச் செலவு சேமிப்புக் கணக்கிலும் குறுகிய கால டெபாசிட்டிலும் இருக்கட்டும். அடுத்த 8 ஆண்டுச் செலவு ஆண்டுக்கொன்றாக முதிரும் டெபாசிட், தரமான கடன் பத்திரங்களில். மீதி 15 மடங்கு, அதாவது 60 சதவீதம், பங்கிலேயே தொடரட்டும்.

75-லிருந்து 60-க்கு வர உங்களுக்கு 5 ஆண்டுகள் இருக்கின்றன. ஆண்டுக்கு 3 சதவீதப் புள்ளி குறைத்தால் போதும். இனிப் போடும் புதிய சேமிப்பு முழுவதையும் டெபாசிட், பத்திரப் பக்கம் திருப்புங்கள். விற்க வேண்டிய அளவும், விற்றால் வரும் வரியும் குறையும்.

ஓய்வுக்குப் பின், பங்கு ஏறிய ஆண்டின் முடிவில் கொஞ்சம் விற்று முதல் பகுதியை நிரப்புங்கள். இறங்கிய ஆண்டில் பங்கைத் தொடாமல், முதிரும் டெபாசிட்டிலிருந்து எடுங்கள். பலர் தவறுவது இந்த இடத்தில்தான்: சரிவில் பயந்து விற்கிறார்கள், ஏற்றத்தில் 'இன்னும் ஏறட்டும்' என்று நிரப்பாமல் விடுகிறார்கள். நிரப்பும் தேதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

25 மடங்கு என்பது அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-ல் அமெரிக்கச் சந்தை வரலாற்றை வைத்துச் சொன்ன 4 சதவீத விதியிலிருந்து வருவது: முதல் ஆண்டு சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு அந்தத் தொகையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தி எடுத்தால், சேமிப்பு 30 ஆண்டுக்குப் போதும். பணவீக்கம் அதிகமுள்ள நாட்டில் இருப்பவருக்கு 3 முதல் 3.5 சதவீதமே பாதுகாப்பு என்பது எங்கள் கருத்து. அதற்கு 29 முதல் 33 மடங்கு வேண்டும். உங்களிடம் அவ்வளவு இல்லையென்றால் இன்னும் இரண்டு ஆண்டு வேலை பார்ப்பது, அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுத் தரம் குறைந்த பத்திரம் வாங்குவதைவிட மேலானது.

மருத்துவச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனிக் காப்பீடும் தனி நிதியும் வையுங்கள். வேலையோடு வந்த காப்பீடு ஓய்வோடு முடிந்துவிடலாம் என்பதால், புதிய பாலிசியை இந்த ஆண்டே எடுப்பது நல்லது.