வாசகர் கேள்வி: ஏற்காட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு 2000

கேள்வி: எண்பதுகளில் இங்கிலாந்தில் பணியாற்றிய என் பெரியப்பா, ஊருக்கு வரும்போதெல்லாம் கார் பந்தய இதழ்களைக் கொண்டுவருவார். ரோவர் விட்டெஸ், பி.எம்.டபிள்யூ. எம்3, வோல்வோ 240 டர்போ ஆகிய கார்களின் படங்களை வெட்டி ஒட்டிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டக் கொட்டகையில் பல ஆண்டுகளாக ஓடாமல் நின்ற ஸ்டாண்டர்டு 2000 காரை அண்மையில் வாங்கினேன். அதில் வி8 இன்ஜின் (V வடிவில் எட்டு சிலிண்டர்கள் கொண்டது) பொருத்தி, ரோவர் பந்தயக் காராக மாற்ற விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் ஆசைக்கு இதைவிடப் பொருத்தமான கார் நம் நாட்டில் கிடைக்காது. 1976-இல் வெளிவந்து, மறு ஆண்டே ஐரோப்பாவின் சிறந்த காராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரோவர் எஸ்.டி.1-இன் உடலைத்தான் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985 முதல் சில ஆண்டுகள் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற பெயரில் தயாரித்தது. உள்ளே இருந்ததோ பழைய வான்கார்டு காரின் வழிவந்த 1,991 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின். அதன் திறன் 83 குதிரைத்திறன். நீங்கள் நோட்டில் ஒட்டிய விட்டெஸ், அதே எஸ்.டி.1-இன் வேகமான வகை; அதிலோ 3,528 சி.சி. வி8 இன்ஜின் இருந்தது. சாலையில் ஓடிய விட்டெஸ்ஸே 190 குதிரைத்திறன் கொண்டது.

ஆயினும் வி8 வேண்டாம் என்றே சொல்வேன். கடையில் விற்கும் கார்களை அடிப்படையாகக் கொண்ட பந்தயங்களுக்காக 1982-இல் நடைமுறைக்கு வந்த 'குரூப் ஏ' விதிகளின்படி, ஓராண்டில் குறைந்தது 5,000 கார்கள் தயாரிக்கப்பட்ட மாதிரியையே பந்தயத்தில் இறக்க முடியும். உடலின் வடிவமும் கடையில் விற்ற வடிவமாகவே இருக்க வேண்டும். இதில் எவ்வளவு கண்டிப்பு இருந்தது என்பதற்கு உங்கள் ரோவரே சாட்சி. 1983 பிரிட்டிஷ் கார் பந்தயத் தொடரில் ரோவர் ஓட்டிய ஸ்டீவ் சோப்பர் முதலிடம் பிடித்த பிறகும், காரின் உடலிலும் வால்வு அமைப்பிலும் விதிமீறல் இருந்ததாகக் கூறி அவரது பட்டம் பறிக்கப்பட்டது. அது ஆல்ஃபா ரோமியோ ஓட்டிய ஆண்டி ரவுஸுக்குப் போயிற்று. தெருவில் ஓடும் கார் அதே முகத்தோடு பந்தயத்தில் நின்றதுதான் சிறு வயதில் உங்களைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். அந்த உணர்வுக்கு உண்மையாக இருக்க வேண்டுமானால், காரின் சொந்த இன்ஜினை வைத்துக்கொண்டு, நிற்பதிலும் திரும்புவதிலும் அதைத் தேர்ந்த காராக ஆக்குவதே சரியான வழி.

சட்டமும் இதையே சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நிறத்தை மாற்றினால்கூட ஆர்.சி. புத்தகத்தில் பதிய வேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கான பழம்பெருமை (வின்டேஜ்) பதிவுக்கு இந்தக் கார் இன்னும் தகுதி பெறவில்லை.

முதல் வேலை, காரை மலையிலிருந்து இறக்குவது. தயவுசெய்து அதை ஓட்டிக்கொண்டு இறங்காதீர்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறும்போது, ஆயிலில் கலந்த நீர் கொதித்து ஆவியாகி, பெடல் தரைவரை இறங்கிவிடும். லாரியில் ஏற்றி அடிவாரம் வந்து சேருங்கள். வந்ததும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், குழாய்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள்.

அடுத்தது துரு. சேர்வராயன் மலையின் பனியும் சாரலும் எந்தத் தகரத்தையும் விட்டுவைக்காது; இந்த வகை ரோவரோ துருவுக்குப் பெயர் போனது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, பின் சக்கர வளைவு, பின்கதவின் விளிம்பு ஆகிய இடங்களைத் தட்டிப் பாருங்கள். தனிச் சட்டகம் (சேசிஸ்) இல்லாமல் உடலே சுமை தாங்கும் அமைப்பு இது. ஆகவே முட்டுக் கொடுக்காமல் இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டினால், பிறகு கதவு பொருந்தாது. சங்ககிரி, நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகளில் தகரத்தைக் கையாலேயே வளைக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லாரிக்குரிய கனத் தகட்டில் பழகிய கைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலான தகட்டை வெல்டிங் செய்வது வேறு வேலை. முதலில் ஒரு சிறு துண்டில் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து, பிறகு ஒப்படையுங்கள்.

இன்ஜின் கவலைக்குரியது அன்று. லைனர்களை, அதாவது பிஸ்டன் ஓடும் உருளைகளைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும் வகை என்பதால், தேய்ந்த லைனரைக் கழற்றி மாற்ற முடியும். அவற்றின் அடியிலுள்ள சீல்களைத் தவறாமல் புதுப்பியுங்கள்.

மீதமுள்ள பணம் முழுவதையும் பிரேக், ஷாக் அப்சார்பர், புஷ், டயர் ஆகியவற்றில் போடுங்கள். வேகத்தைப் பார்க்க ஏற்காடு சாலை இடமன்று, கோவையில் 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள கரி பந்தயத் தடமும், சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட தடமும் இருக்கின்றன.

நம் சாலைகளுக்காக ஸ்டாண்டர்டு 2000-இன் உயரம் கூட்டப்பட்டிருந்தது. ஸ்பிரிங்குகளை அறுத்துக் குறைக்காமல், சரியான அளவில் புதிதாகச் செய்து வாங்குங்கள். எவ்வளவு தாழ்த்துவது என்பதற்கு உங்கள் நோட்டிலேயே விடை இருக்கிறது. பக்கவாட்டில் எடுத்த விட்டெஸ் படம் ஒன்றில், டயருக்கும் மேல் வளைவுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சக்கரத்தின் விட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, அந்த விகிதத்தைப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். ஆனால் படத்தில் உள்ள அளவுக்கு முழுதாக இறக்கிவிடாதீர்கள். நம் ஊர் வேகத்தடையைக் கடக்க இரண்டு அங்குலமாவது கூடுதலாக வேண்டும்.