எக்ஸ்ரே எடுத்த இடத்தில் உங்கள் மகள் கேட்ட கேள்வி

ஐயா, உங்கள் கடிதத்தை இருமுறை வாசித்தேன். தவிப்பு புரிகிறது. ஆயினும், மைத்துனர் வற்புறுத்துகிறார் என்பதற்காக நிலத்தை அடகு வைத்து, நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் இடம் வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். மகளுக்கு அதில் நாட்டமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தபோது, பிலிம் இல்லாமல் சில நொடிகளில் திரையில் எலும்பு தெரிந்தது எப்படி என்று அவள் கேட்டதையும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

அத்தகைய எக்ஸ்ரே பலகைகள் பலவற்றுள் இருப்பது படிகமற்ற சிலிக்கான், அதாவது அணுக்கள் நெடுந்தூரம் ஒழுங்காக அடுக்கப்படாத சிலிக்கான். சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவைப் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு நிலையில் சிதைத்து, ஏறத்தாழ 200 முதல் 250 டிகிரி செல்சியசில் கண்ணாடி மீது மெல்லிய படலமாகப் படியவைக்கிறார்கள். வாயுவிலிருந்து வரும் ஹைட்ரஜன், பிணைப்பின்றி நிற்கும் முனைகளை அடைத்துவிடுவதால்தான் அது நல்ல குறைகடத்தியாகிறது. அதை மாசூட்ட முடியும், அதாவது வேறு தனிமத்தைச் சிறிதளவு கலந்து அதன் மின்கடத்தலை மாற்ற முடியும் என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர்கள் ஸ்பியரும் லீகோம்பரும் 1975இல் காட்டினர். படிகச் சிலிக்கானை வட்டத் தகடுகளாகத்தான் அறுக்கிறார்கள், அவற்றின் அகலத்துக்கு எல்லை உண்டு. இதையோ மார்பு முழுவதையும் படமெடுக்கும் அளவுக்கு விரிக்கலாம். எக்ஸ்ரே, மேலே உள்ள சீசியம் அயோடைடு என்னும் ஒளிரும் படலத்தில் பட்டு ஒளியாகிறது. அந்த ஒளியை இந்தச் சிலிக்கான் டயோடுகள் மின்னூட்டமாக மாற்ற, டிரான்சிஸ்டர்கள் வரிசை வரிசையாகப் படித்தனுப்புகின்றன.

முன்பே ஒழுங்கற்ற பொருள் என்பதால், கதிர்வீச்சுச் சேதத்தையும் இது படிகத்தைவிட நன்கு தாங்குகிறது. அதனாலேயே துகள் உணரிகளுக்கும், அதாவது அணுவைவிடச் சிறிய துகள்களைக் கண்டறியும் கருவிகளுக்கும் இதை ஆராய்கிறார்கள். இத்தாலியின் தேசிய அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இதற்காக ஹாஸ்பைட் என்றே ஒரு திட்டம் தொடங்கியது. ஆனால் தனித்துகள் ஒன்று கடக்கும்போது எழும் சமிக்ஞை மிகச் சிறியது. உங்கள் மகளைப் போன்றவர்கள் வேலை செய்ய வேண்டிய இடம் அது.

மற்றப் படிப்புகளைப் பற்றி உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். அரசுக் கல்லூரியில் இளநிலை இயற்பியல், பிறகு ஜாம் என்னும் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் முதுநிலை, அங்கே மெல்லிய படல ஆய்வகம். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்று ஆய்வில் சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆராய்ச்சி வேண்டாமெனில், அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் இருக்கிறது. வருமானம் தாமதமாகத்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் கடன் இருக்காது.

பத்திரத்தை வங்கிக்குக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த வாரம் மகளை அழைத்து வாருங்கள். இயற்பியல் செய்முறை ஏட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.